திறந்த ஏடும் திருத்தப்படும் அறிவும்

2020ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோயின் காலத்தில் நம் போதகர்கள் பலர் ஒரே வினாவைத் திரும்பத் திரும்பச் சந்தித்தனர். சபையார் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்த செய்தியைக் காட்டி, “ஐயா, ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்களாம், இது மெய்தானா?” என்று கேட்பார். செய்தியின் அடியில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் இணைய முகவரியும் இருக்கும். கட்டணம் ஏதுமின்றி எவரும் அதைத் திறந்து படிக்கலாம். ஆயின், அக்கட்டுரை அறிவியலாரின் முடிந்த முடிபா, ஒருவர் முன்வைத்த கருத்தா, மறுநாளே கைவிடப்பட்ட பிழையா என்பதை நாம் எவ்வாறு அறிவது?

ஆய்வுகள் வெளியாகும் முறை கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாறி வந்திருப்பதே இவ்வினா எழுவதற்குக் காரணம். இம்மாற்றம் யாது, அது ஏன் ஏற்பட்டது, அதனால் விளைந்த நன்மையும் இடரும் எவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். ஆய்வைத் திறந்து வைப்பவர் அறிவைப் பிறருக்குக் கொடுப்பதோடு, பிறரால் திருத்தப்படுவதற்கும் இசைகிறார் என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

1. அச்சேடும் அதன் பூட்டும்

அறிவியல் ஏடுகளின் வரலாறு 1665ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் ஓர் ஏடும், மார்ச்சில் இலண்டனில் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்னும் ஏடும் தோன்றின. பின்னதைத் தொடங்கியவர் ராயல் சொசைட்டியின் செயலராயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க். இவர் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்து, அங்கேயே இறையியல் பயின்றவர். அக்காலத்து ஆய்வாளர் தம் கண்டுபிடிப்புகளைத் தனி மடல்களில் எழுதி நண்பருக்கு அனுப்பினர். பிறர் கவர்ந்துகொள்வார்களோ என அஞ்சி, எழுத்துகளை மாற்றியடுக்கிப் புதிராக மறைத்து வைத்தவர்களும் உண்டு. முதலில் வெளியிட்டவருக்கே கண்டுபிடிப்பின் பெருமை உரியது என்னும் வழக்கம் ஏடுகளால் மெல்ல வலுப்பெற்றது. அதன்பின், மறைப்பதைவிட வெளியிடுவதே ஆய்வாளருக்கு நன்மையாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இம்முறையோடு மற்றொன்றும் நிலைபெற்றது. ஏட்டுக்கு வரும் கட்டுரையை அதே துறையில் வல்ல இருவர் அல்லது மூவருக்கு ஆசிரியர் அனுப்புவார். அவர்கள் குறைகளைச் சுட்டிக்காட்டி, வெளியிடலாமா என்பதைப் பற்றித் தம் கருத்தைத் தெரிவிப்பர். இதனைத் துறைவல்லார் பரிசீலனை எனலாம். இது பயனுள்ள காவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்காவல் மூடிய அறையில் நடைபெறுவது. பரிசீலித்தவர் யார், என்ன குறை கண்டார் என்பவை பெரும்பாலும் வாசகருக்குத் தெரிவதில்லை.

மேலும், ஏடுகள் பலவும் வணிகப் பதிப்பகங்களின் கைக்குச் சென்றன. ஆய்வுக்கான செலவில் பெரும்பகுதி பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. கட்டுரை எழுதுவோருக்கோ பரிசீலிப்போருக்கோ ஏடு பொதுவாக ஊதியம் தருவதில்லை. எனினும், அக்கட்டுரையைப் படிக்கப் பல்கலைக்கழக நூலகம் பெருந்தொகையைச் சந்தாவாகச் செலுத்த வேண்டும். சந்தா செலுத்த இயலாத கல்லூரியின் மாணவருக்கும் சிற்றூர் மருத்துவருக்கும் அந்த அறிவு பூட்டிய பெட்டியாகவே இருந்தது.

2. கதவு திறந்த விதம்

இப்பூட்டை முதலில் தளர்த்தியவர்கள் இயற்பியலார். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய பால் கின்ஸ்பார்க், ஏட்டில் அச்சாவதற்கு முன்னரே கட்டுரைகளைக் கணினி வழியாகப் பகிர்ந்துகொள்ளும் பொதுக் களஞ்சியம் ஒன்றை அமைத்தார். பின்னர் ‘ஆர்க்கைவ்’ என்று பெயர் பெற்ற இக்களஞ்சியத்தில் இன்று இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. இவ்வாறு பரிசீலனைக்கு முன் வெளியாகும் கட்டுரையை ‘முன்பதிப்பு’ என்று அழைக்கலாம்.

பரிசீலனையின்றி வெளியிடுவது சோதனையின்றி ஏற்றுக்கொள்வதாகாது. இதற்குக் கணிதத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பிரெஞ்சு அறிஞர் பொன்காரே 1904இல் எழுப்பிய சிக்கல் ஒன்று நூறாண்டளவும் தீராதிருந்தது. ரஷ்யரான கிரிகோரி பெரெல்மான் 2002 நவம்பர் முதல் 2003 ஜூலை வரை மூன்று கட்டுரைகளில் அதற்குத் தீர்வு கண்டு, ஆர்க்கைவ் களஞ்சியத்தில் வைத்தார். எந்த ஏட்டுக்கும் அவற்றை அவர் அனுப்பவில்லை. ஆயினும் பல நாட்டுக் கணித அறிஞர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவற்றை வரிவரியாகச் சோதித்து, சரியென்று கண்ட பின்னரே ஏற்றுக்கொண்டனர். சோதிக்கும் கடமை இருவர் மூவரிடமிருந்து துறையார் அனைவருக்கும் விரிந்ததேயன்றி நீங்கிவிடவில்லை.

2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் எவருக்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்னும் கொள்கையைத் தெளிவாக வகுத்தது. அதன்பின் திறந்த ஏடுகள் பெருகின. ஆயின் செலவு மறைந்துவிடவில்லை; பல ஏடுகளில் அது படிப்பவரிடமிருந்து எழுதுபவருக்கு மாறியது. புகழ்பெற்ற ‘நேச்சர்’ ஏடு, ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 2021இல் வகுத்த கட்டணம் 9,500 யூரோ. செல்வம் குறைந்த நாடுகளின் ஆய்வாளருக்கு இது புதியதொரு பூட்டே.

இந்திய அரசு வேறொரு வழியைக் கைக்கொண்டது. 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ‘ஒரு நாடு, ஒரு சந்தா’ என்னும் திட்டத்துக்கு இசைவளித்து, 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மத்திய, மாநில அரசுகளின் மேலாண்மையிலுள்ள உயர்கல்வி நிறுவனங்களும் நடுவண் அரசின் ஆய்வு நிறுவனங்களும் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஏடுகளைப் படிக்க இது வகைசெய்கிறது. மாணவருக்கு இது பெரும் உதவியே. எனினும், பலருக்காக மொத்தமாகச் செலுத்தப்படும் சந்தாவும் சந்தாவே. எவருக்கும் திறந்திருக்கும் ஏடு என்னும் கொள்கை இதனின்று வேறுபட்டது.

3. ஆர்செனிக் நுண்ணுயிர் பற்றிய விவாதம்

திருத்தப்பட இசைதல் என்று நாம் மேலே கூறியதன் பொருளை விளக்க ஒரு நிகழ்ச்சி துணைபுரியும். உயிரினங்களின் டி.என்.ஏ. இழைகளைக் கோத்து நிற்கும் தனிமங்களுள் பாஸ்பரஸ் ஒன்று. நஞ்சாகிய ஆர்செனிக் தனிம அட்டவணையில் அதற்கு நேர் கீழே அமைந்து, வேதியியல் பண்புகளில் அதனை ஒத்திருப்பது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர், பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கைத் தன் டி.என்.ஏ.வில் ஏற்று வளர்கிறது என்று பெலிசா உல்ப்-சைமன் தலைமையிலான குழு அறிவித்தது. பரிசீலனை பெற்ற அக்கட்டுரை 2010 டிசம்பர் 2 அன்று ‘சயன்ஸ்’ ஏட்டின் இணையப் பதிப்பில் வெளியாயிற்று. நாசா செய்தியாளர் கூட்டம் நடத்தியது. உயிரின் இலக்கணமே மாறிவிட்டது போன்ற பரபரப்பு உலகெங்கும் எழுந்தது.

இரண்டு நாட்களுக்குள், கனடாவின் வான்கூவர் நகரில் பணியாற்றிய நுண்ணுயிரியல் அறிஞர் ரோஸி ரெட்பீல்ட், இணையத்தில் எவரும் படிக்கத் தாம் எழுதிவந்த ஆய்வு நாட்குறிப்பில் தம் மறுப்பை வெளியிட்டார். வளர்ப்பு நீர்மத்தில் சிறிதளவு பாஸ்பேட் கலந்திருந்தது, நுண்ணுயிர் வளர அதுவே போதும் என்பது ஒரு மறுப்பு. டி.என்.ஏ. போதிய அளவு தூய்மை செய்யப்படாமையால், மேலே ஒட்டியிருந்த ஆர்செனிக்கே அளக்கப்பட்டிருக்கலாம் என்பது மற்றொன்று. இத்தகைய விமரிசனங்களுக்குப் பரிசீலனை பெற்ற ஏடுகளின் வழியாகவே விடையளிக்க இயலும் என்று முதலில் மறுமொழி வந்தது.

ரெட்பீல்ட் அதனோடு நின்றுவிடவில்லை. அதே நுண்ணுயிரைப் பெற்று, தாமே சோதனைகளை நடத்தினார். அன்றாட முடிவுகளையும் தோல்விகளையும் கூட எவரும் காணும்படி எழுதிவந்தார். பிறரைத் திருத்த முற்பட்டவர் தம்மையும் திருத்தத்திற்கு உட்படுத்திக்கொண்டார் என்பது நாம் கவனிக்கத்தக்கது. 2012 ஜூலையில் அவர்தம் குழுவின் கட்டுரையும், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரக் குழுவின் கட்டுரையும் அதே ‘சயன்ஸ்’ ஏட்டில் வெளியாயின. அந்நுண்ணுயிர் ஆர்செனிக்கைத் தாங்கி வாழவல்லது, ஆனால் பாஸ்பரஸின்றி வளராது என்று அவை காட்டின. 2025 ஜூலை 24 அன்று அவ்வேடு மூலக் கட்டுரையை விலக்கிக்கொண்டது. அதில் மோசடி ஏதும் இல்லை, சோதனைகள் முடிவுக்குப் போதிய ஆதாரம் ஆகவில்லை என்பது ஏட்டின் நிலை. கட்டுரையாசிரியர்கள் அம்முடிவை ஏற்கவில்லை.

எழுத இரண்டு நாட்கள் போதுமாயிருந்த மறுப்பு, ஏட்டின் பதிவேட்டில் ஏற ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சென்றன. பரிசீலனை பெற்ற கட்டுரையும் பிழைபடலாம் என்பதும், திறந்த விவாதம் பிழையை விரைந்து காணவல்லது என்பதும் இதனால் புலனாகின்றன.

4. 2020 ஜனவரி: ஒரே மாதத்தின் இரு முகங்கள்

சீனாவின் வூகான் நகரில் தோன்றிய புதிய நோயின் வைரஸை ஷாங்காய் நகரின் பேராசிரியர் ஜாங் யோங்ஜென் குழு ஆராய்ந்து, ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட அதன் மரபணு வரிசையை 2020 ஜனவரி 5 அளவில் கண்டறிந்தது. சீன நேரப்படி ஜனவரி 11 அன்று, சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஹோம்ஸ் அதனைப் பொது இணையதளம் ஒன்றில் வெளியிட்டார். அவ்வரிசையைக் கொண்டு ஜனவரி 13 அன்றே மாடெர்னா நிறுவனம் தன் தடுப்பூசியின் வடிவத்தை முடிவு செய்தது. மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்குச் சோதனை ஊசி போடப்பட்டது. வரிசை வெளியான மறுநாளே ஜாங்கின் ஆய்வுக்கூடம் அதிகாரிகளின் ஆணைப்படி மூடப்பட்டதாகச் செய்தி ஏடுகள் தெரிவித்தன. அறிவைத் திறந்து வைப்பவர் அதற்கு விலை கொடுக்க நேரிடுவதும் உண்டு.

அதே மாத இறுதியில், ஜனவரி 31 அன்று, தில்லி ஆய்வாளர் சிலரின் முன்பதிப்பு ஒன்று வெளியாயிற்று. புதிய வைரஸின் புரதத்தில் எய்ட்ஸ் வைரஸின் கூறுகளை ஒத்த நான்கு செருகல்கள் உள்ளன என அது கூறிற்று. வைரஸ் மனிதரால் உருவாக்கப்பட்டது என்பதற்கு இதனையே சான்றாகப் பலர் பரப்பினர். ஒப்பிடப்பட்ட துண்டுகள் மிகச் சிறியவை, அத்தகைய ஒற்றுமையை வேறு பல உயிரிகளிலும் காணலாம் என்று பல நாட்டு அறிவியலார் உடனே எடுத்துக்காட்டினர். பிப்ரவரி 2 அன்று ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

அறிவியலார் நடுவே இரண்டு நாட்களில் திருத்தம் நிறைவேறியது. கைப்பேசிச் செய்திகளிலோ அக்கூற்று அதன் பின்னரும் நெடுங்காலம் உலவியது. திறந்த விவாதத்தில் இறுதிவரை நிற்பவருக்குத் திருத்தமும் கிடைக்கிறது. முதற்பக்கத்தைப் படித்துவிட்டுப் புறப்படுபவருக்குப் பிழை மட்டுமே கிடைக்கிறது. இடர் இங்கேதான் உள்ளது. அதனை நீக்கக் கதவை மீண்டும் பூட்டினால், தடுப்பூசிக்கு வழிசெய்த மரபணு வரிசையும் உள்ளேயே தங்கிவிடும்.

5. நாம் கேட்கவேண்டிய வினாக்கள்

ஆய்வுச் செய்தி ஒன்றைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும்போது, நாம் நுண்ணுயிரியல் வல்லுநராக இருக்கத் தேவையில்லை. நான்கு வினாக்களை எழுப்பினால் போதும். முதலாவது, இது முன்பதிப்பா, பரிசீலனை பெற்றதா? இரண்டாவது, அடிப்படையான தரவுகள் பிறர் சோதிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளனவா? மூன்றாவது, அத்துறையின் பிற அறிஞர் இதனைப் பற்றி என்ன கூறியுள்ளனர்? நான்காவது, இது பின்னர் திருத்தப்பட்டதா, விலக்கப்பட்டதா? முன்பதிப்பு திரும்பப் பெறப்பட்டிருப்பின், அது வெளியான பக்கத்திலேயே குறிப்பு காணப்படும். இவ்வினாக்களுக்கு விடை கிடைக்குமட்டும், “இன்னும் சோதிக்கப்பட்டு வருகிறது” என்று கூறுவதே நேர்மையான மறுமொழியாகும்.

ஐந்தாவது வினாவொன்றும் உண்டு. அது நம்மையே நோக்கியது. அந்நாட்களில் நம்மில் சிலரும் தில்லி முன்பதிப்பைப் பற்றிய செய்தியைப் பிறருக்கு அனுப்பினோம், கூட்டங்களில் எடுத்துரைத்தோம். அது திரும்பப் பெறப்பட்ட செய்தியையும் அதே மக்களுக்கு, அதே இடத்தில் நின்று அறிவித்தோமா? அறிவித்தவர்கள் சிலரே. தம் பெயரிட்டு வெளியிட்ட கட்டுரையை உலகறியத் திரும்பப் பெற்றுக்கொண்ட ஆய்வாளர்கள், இவ்வகையில் நம்மைவிட முன்னே சென்றுவிட்டனர்.