ஆஸ்பத்திரியின் கணக்கும் நோயாளியின் சுகமும்

ஓர் ஆஸ்பத்திரி மக்களுக்கு எவ்வளவு பயன்படுகின்றது என்பதை எங்ஙனம் அறிவது? கட்டில்கள் எத்தனை, வெளிநோயாளர் எத்தனை இலட்சம், சத்திரசிகிச்சைகள் எத்தனை என்றெல்லாம் ஆண்டறிக்கைகளிலே எண்கள் நிரல்பட நிற்கும். ஆயின், வந்தவர்களுள் எத்தனை பேர் சுகம்பெற்றுத் தம் தொழிலுக்கு மீண்டனர் என்ற எண்ணைத் தேடினால் அது கிடைப்பது அரிது.

மைக்கேல் போட்டர், எலிசபெத் டைஸ்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இக்குறையையே எடுத்துக்காட்டினர். வைத்தியத்தின் பெறுமதி செய்த வேலையின் அளவில் இல்லை. நோயாளி அடைந்த நற்பயனைச் செலவோடு ஒப்புநோக்கியே அதனை மதித்தல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. வைத்தியம் பெரும்பாலும் விலைப்பொருளாகவுள்ள நாட்டில் எழுந்த இக்கொள்கை, பொதுப்பணத்தில் நடைபெறும் சேவைக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு இலங்கையின் வரலாறே சான்று பகரும்.

1930களின் நடுப்பகுதியில் இந்நாட்டில் ஓரிலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் உயிர்நீத்தனர். 2019ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறக்குறைய 30 ஆகக் குறைந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, வீடுதோறும் செல்லும் மருத்துவமாது, 1951இல் நீக்கப்பட்ட ஆஸ்பத்திரிக் கட்டணம், பெண்கல்வி ஆகிய யாவும் இதற்குத் துணைநின்றன. மேலும், தாயொருத்தி இறந்தால் அம்மரணத்தை அறிவித்து, எங்கே தாமதம் நேர்ந்தது, எதனைச் செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று ஆராயும் வழக்கமும் நிலைபெற்றது. பயனைக் கணக்கிட்டமையாலேயே குறை எங்கேயுள்ளதென்று தெரிந்தது.

மலேரியாவின் கதை வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட அக்கொடிய காய்ச்சல், 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரை மட்டுமே பீடித்தது. வெற்றி கிட்டிவிட்டதென்று விழிப்புத் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்காகப் பெருகிற்று. பின்னர் பல்லாண்டு முயற்சியின் பயனாக 2012இன் பின் உள்நாட்டுத் தொற்று ஏற்படாதொழிந்தது. 2016இல் உலக சுகாதார தாபனமும் அதனை உறுதிப்படுத்தியது. பெற்ற பயனைக் காப்பதற்கும் இடையறாத கணக்கு வேண்டும் என்பது இதனாற் புலப்படும்.

இன்று நம்மை வருத்துவன நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் முதலியன. இவை ஒருநாளில் வந்து ஒருநாளில் நீங்குவனவல்ல. வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் ஆறு குறள்களை உணவின் அளவுக்கும் முறைக்குமே ஒதுக்கியிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. நாற்பது வயதை அண்டியவர்களை முன்கூட்டியே பரிசோதிக்கும் நிலையங்களை அரசாங்கம் 2011 முதல் அமைத்து வந்துள்ளமை நன்று. எனினும், நீரிழிவு நோயாளி மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று, நெடுநேரம் காத்திருந்து, மருந்துப் பொதியுடன் திரும்பினால் கொப்பியிலே ஒரு வருகை பதிவாகின்றது. அவருடைய சீனி அளவு கட்டுப்பட்டதா, கண்பார்வை காக்கப்பட்டதா, பாதத்துப் புண் ஆறியதா என்பன அத்தொகையில் தோன்றுவதில்லை. பின்னொருநாள் அவர் காலை இழப்பாராயின், அந்தச் சத்திரசிகிச்சையும் ஆஸ்பத்திரி செய்த வேலையாகவே எண்ணப்படும்! குடும்பத்துக்கு உழைப்பவர் முடங்கிய நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பயனை மட்டுமே பார்த்துப் பணம் பகிர்ந்தால், கடும்நோயாளரை ஏற்க ஆஸ்பத்திரிகள் தயங்கக்கூடும். எங்கும் கைவிடப்பட்டோரை ஏற்கும் பெரிய வைத்தியசாலையையும், எளிய நோய்களைப் பார்க்கும் கிராமத்து வைத்தியசாலையையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. ஆதலின் முதற்கண் கணக்கைத் தண்டனைக்கன்றிக் கற்றலுக்கே பயன்படுத்துக. ஒரு மாவட்டத்தில், ஒரு நோயில் தொடங்குக. நோயாளியின் குறிப்பேடு கிராமத்து வைத்தியசாலையிலிருந்து பெரிய வைத்தியசாலை வரை அவரைத் தொடர்ந்து செல்லட்டும். பிள்ளைப்பேற்றில் நாம் அடைந்த சித்திக்குப் பல பத்தாண்டுகள் சென்றன. இதற்கும் பொறுமை வேண்டும்.

மக்களுக்கும் ஒரு கடமையுண்டு. அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மருந்தை வாங்கிக்கொண்டு விரைந்து திரும்பாது, “ஐயா, போன மாதத்திலும் பார்க்க எனக்குச் சுகமா?” என்று கேளுங்கள். வைத்தியருக்கும் அக்கேள்வி உதவும்.