சட்டைப்பையில் ஒரு கச்சேரி

குன்றாண்டார்கோவிலிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டைக்குச் செல்லும் காலைப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். மாணவர் பலரின் காதில் ஒலிக்கருவி செருகியிருக்கும். அதன் கம்பி சிலரிடம் கைப்பேசியில் போய் முடியும். சிலரிடம் வண்ணத் திரை கொண்ட சின்னஞ்சிறு இசைக்கருவியில் முடியும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அப்பெட்டிக்குள் ஆயிரம் பாட்டுகள் எப்படி அடங்குகின்றன? திரையில் வண்ணம் எப்படி வருகிறது? அதைக் காதுக்குக் கேடின்றிப் பயன்படுத்துவது எப்படி? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பாட்டு எண்ணாகும் விதம்

இசையைக் குறிகளாக்கிச் சேமிப்பது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதன்று. குடுமியான்மலைக் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அறிஞர் கருதும் இசைக் கல்வெட்டு உள்ளது. சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்து எழுத்துகளால் வெட்டியிருக்கிறார்கள். எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்பதை அக்கல் சொல்லும். பாடியவரின் குரலைச் சொல்லாது.

குரலையே சேமிக்க வேண்டுமானால் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தாக வேண்டும். குறுந்தகட்டில் இந்த அளவீடு நொடிக்கு 44,100 முறை நடைபெறுகிறது. ஏன் இத்தனை முறை? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை கேட்கவல்லது. ஓர் அதிர்வைச் சரியாகப் பதிய, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் அளவும் 16 இருமை இலக்கங்களால், அதாவது பிட்டுகளால், எழுதப்படுகிறது. இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 14,11,200 பிட்டுகள்! நான்கு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 42 மெகாபைட் இடம் வேண்டும்.

இங்கேதான் எம்.பி.3 முறை கைகொடுக்கிறது. கோயில் திருவிழாவில் தவில் ஓங்கி ஒலிக்கும் கணத்தில் அருகே ஒலிக்கும் சுருதிப்பெட்டி நம் காதில் விழுவதில்லை. பேரொலி, தன் அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள சிற்றொலியை மறைத்துவிடுகிறது. கேளாத ஒலிக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்? மறைபடும் பகுதிகளைத் துல்லியம் குறைத்து எழுதினால் இடம் மிச்சமாகும். ஜெர்மனியின் பிரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் இம்முறையை உருவாக்குவதில் முன்னின்றனர். நொடிக்கு 1,28,000 பிட்டுகள் என்ற அளவில் சுருக்கினால், அதே நான்கு நிமிடப் பாட்டு 4 மெகாபைட்டுக்குள் அடங்கும். மூலத்தில் இது பதினொன்றில் ஒரு பங்கு.

1998இல் விற்பனைக்கு வந்த ரியோ என்னும் கருவியின் நினைவகம் 32 மெகாபைட். எட்டுப் பாட்டோடு சரி. 2001இல் வந்த முதல் ஐபாட், 5 கிகாபைட் வட்டில் ஆயிரம் பாட்டுகளைத் தாங்கியது. அதற்குக் கறுப்பு வெள்ளைத் திரைதான். 2004 அக்டோபரில் வண்ணத் திரை கொண்ட ஐபாட் வெளிவந்தது. 2022இல் அந்த வரிசையின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. எனினும், வேறு நிறுவனங்களின் சிறு கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. கைப்பேசிக்குள் நடப்பதும் இதே வேலைதான்.

வண்ணம் பிறக்கும் இடம்

2004ஆம் ஆண்டுக் கருவியின் திரையில் குறுக்கே 220, நெடுக்கே 176 என 38,720 படப்புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சாளரங்களின் கூட்டு. சிவப்புக்கு 32, பச்சைக்கு 64, நீலத்துக்கு 32 எனப் படிநிலைகள் வைத்தால் 65,536 வண்ணங்கள் கிடைக்கும். பச்சைக்கு மட்டும் ஏன் சலுகை? நம் கண் பச்சையின் ஏற்றத்தாழ்வையே மிக நுட்பமாக உணர்கிறது.

இச்சாளரங்களைத் திறந்து மூடுவது திரவப் படிகம். திரவம்போல் ஓடும், ஆனால் படிகம்போல் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும். இப்பொருளை 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்சர் கண்டார். கோல் போன்ற மூலக்கூறுகளே இவ்வாறு அமையும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1977இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடன் ஆய்வாளர்களும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் எனக் காட்டினர். இவர் சர் சி. வி. இராமனின் சகோதரியின் மகன். திரையைப் பக்கவாட்டில் பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிய உதவும் படலங்களில் இத்தகைய தட்டுவகைச் சேர்மங்கள் பின்னர்ப் பயன்பட்டன.

திரையின் பின்னே எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. அதன் ஒளி முதல் தளவிளைவாக்கியைக் கடந்து ஒரே தளத்தில் அதிர்கிறது. முறுக்கி அடுக்கிய திரவப் படிகம் அத்தளத்தை 90 பாகை திருப்பிவிட, குறுக்காக வைத்த இரண்டாவது தளவிளைவாக்கி வழியே ஒளி வெளியேறுகிறது. மின்னழுத்தம் தந்தால் முறுக்கு நீங்கும், ஒளி தடைபடும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால் ஒளியும் கூடிக் குறையும். திரவப் படிகத் திரைகளில் வழங்கும் முறைகளுள் எளிமையானது இது.

நீங்களே சோதிக்கலாம். தளவிளைவுக் கண்ணாடி வில்லை பொருத்திய குளிர்கண்ணாடி ஒன்றின் வழியே கணக்குப் பொறியின் திரையைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை முழுவதும் இருண்டுவிடும்.

பின்விளக்கு ஓயாமல் எரிவதால் மின்கலம் விரைவில் தீரும். மேற்சொன்ன கருவியில் பாட்டு மட்டும் கேட்டால் 15 மணி நேரம் தாங்கும். பாட்டுடன் படங்களும் ஓடவிட்டால் 5 மணி நேரம்தான் என்று தயாரிப்பாளரே அறிவித்திருந்தார். ஆகவே, பத்து நொடியில் திரை அணையுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஒளிர்வையும் குறைத்து வையுங்கள். லித்தியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது. கத்திரி வெயிலில் வண்டியின் மேல் கருவியை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தமிழ்ப் பெயர் ஏன் சிதைகிறது?

விலை குறைந்த சில கருவிகளில் தமிழ்ப் பாட்டின் பெயர் கட்டம் கட்டமாகவோ, கொம்பு இடம் மாறியோ தெரியும். குன்றாண்டார்கோவில் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ‘கோ’வை நாம் எழுதும்போது இரட்டைக் கொம்பு, ககரம், கால் என வரிசைப்படுத்துகிறோம். ஒருங்குறி முறையிலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுகிறது. குறியை இருபுறமும் பிரித்து வைக்கும் வேலையைக் கருவி செய்ய வேண்டும். அதற்கான எழுத்துருவும் நிரலும் இல்லாத கருவி தடுமாறுகிறது. அத்தகைய கருவியில் கோப்புகளுக்கு எண்ணிட்டு வைப்பதே எளிய வழி. 1, 2 என்று இடாமல் 01, 02 என்று இடுங்கள். இல்லையேல் சில கருவிகளில் ஒன்றுக்குப் பின் பத்து வந்து நிற்கும்.

காதுக்கு ஒரு கணக்கு

இனிச் சொல்வதே முக்கியமானது. உட்செவியில் நத்தை வடிவக் குழல் ஒன்று உள்ளது. ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிரிழைச் செல்கள் அதனுள் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. மனிதரில் இவை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரொலியால் உயர் அதிர்வெண்களை உணரும் செல்களே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. அதனால் பேச்சு காதில் விழும். ஆனால் சகரம் போன்ற ஒலிகள் மங்கி, சொல் புரியாமல் போகும். வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்தும் பாடம் பிடிபடாத நிலை ஒரு மாணவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

உலக நலவாழ்வு நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம். டெசிபெல் அளவு மூன்று கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். எனவே கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 83 டெசிபெல்லில் 20 மணி. 86இல் 10 மணி. 95 டெசிபெல்லில் வாரம் முழுவதற்குமாக ஒன்றேகால் மணி நேரமே! சிறுவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு: 75 டெசிபெல்லில் 40 மணி.

பேருந்தின் இரைச்சலை வெல்ல நாம் ஒலியைக் கூட்டுகிறோம். கருவி தரும் ஒலி தனியே, பேருந்தின் ஒலி தனியே என்று காது பிரித்துக் கணக்கிடுவதில்லை. இரண்டும் சேர்ந்தே செல்களைத் தாக்குகின்றன. ஆகவே, வீட்டில் அமைதியான அறையில் இனிமையாகக் கேட்கும் ஒலியளவைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முழு அளவில் 60 விழுக்காட்டை அது தாண்ட வேண்டாம். ஒலி வரம்பைப் பூட்டும் வசதி பல கருவிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். காதுத் துளையை நன்கு அடைக்கும் மென்ரப்பர் முனை, வெளி இரைச்சலைக் குறைத்து, ஒலியைக் கூட்டும் தேவையையும் குறைக்கும். ஆனால் சாலையைக் கடக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும்.

கேட்டு முடித்தபின் காதில் ‘கொய்ங்’ என்று ரீங்காரம் எழுந்தால், வரம்பு மீறிவிட்டதற்கு அதுவே அறிகுறி. அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் ரீங்காரம் நீடித்தால் காது மருத்துவரைக் காணத் தயங்க வேண்டாம்.