சந்தையிற் சக்கர நாற்காலி

நாஞ்சில் நாட்டிற் பிறந்தோர்க்குச் சந்தையின் இயல்பை விரித்துரைத்தல் மிகை. வாழைக்குலையைத் தூக்கிப் பார்த்து, விலை கேட்டு, வேண்டாமென்று நாலடி நடந்து, வணிகர் அழைக்க மீண்டு வந்து வாங்குதல் ஈண்டு ஒரு கலையாகவே இருந்து வருகின்றது. நாகர்கோவில் வடசேரிக் கனகமூலம் சந்தையில் அக்கலை பயின்றவர் என் தாத்தா. மயிலாடியிற் கற்சிற்பத் தொழில் செய்தவர். உருட்டிய கல்லொன்று முழங்காலின்மேற் புரண்ட நாள்முதல் அவர் நடை, கைத்தடியின் துணையோடு தெருமுனைத் தேநீர்க் கடையளவில் நின்றுவிட்டது. வீட்டிற்கு வேண்டுவனவற்றை இப்பொழுது யானே வாங்கிச் செல்கின்றேன். ஒருநாள் மட்டிப்பழச் சீப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "மக்கா, நீ கொண்டு வாறது பழந்தான்; நான் வாங்கின பழமில்லையே" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர்க்குச் சக்கர நாற்காலி இல்லையோ எனின், உண்டு. ஆயின் அதனைப் பேருந்தில் ஏற்ற இயலாது. ஆட்டோவில் மடித்து வைத்தாலோ உடன் செல்வோர்க்கு இடமில்லை. வீட்டிற்குள் சுவரைப் பற்றி நடந்துவிடுகின்றார். ஆதலின் அங்கே அஃது அவர்க்கு வேண்டுவதில்லை. வேண்டுமிடத்தில் நாற்காலி இல்லை. நாற்காலி உள்ளவிடத்தில் அது வேண்டுவதில்லை. நடை குன்றியோர் பலருடைய இடர்ப்பாடு இதுவே.

இம்முரணைத் தீர்க்கும் வழியொன்றை இங்கிலாந்து தேசத்தார் கண்டனர். மில்டன் கீன்ஸ் என்னும் புதுநகரில் 1979 ஆம் ஆண்டிலே பெரியதோர் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. தரை ஒரே மட்டமாயினும், அதன் ஒரு தலையினின்று மறுதலை வரை நடத்தல் நல்ல காலுடையார்க்கே அயர்வு தருவது. அவ்வாண்டிலேயே அங்குத் தோன்றிய ஏற்பாட்டிற்கு 'ஷாப்மொபிலிட்டி' என்று பெயர். ஊர்தியை வீட்டினின்று கொண்டுவர வேண்டா. கடைவீதியின் வாயிலிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் கருத்து. பின்னர் அந்நாட்டு நகரங்கள் பலவற்றிலும் இது பரவிற்று.

அது நடைபெறும் முறையைச் சிறிது கூறுவேன். வண்டிகள் நிறுத்துமிடத்தையோ பேருந்து நிலையத்தையோ ஒட்டி ஓர் அறை இருக்கும். அங்கே கையால் தள்ளும் நாற்காலி, மின்கலத்தால் ஓடும் நாற்காலி, ஸ்கூட்டர் என மூவகை ஊர்திகள் வைக்கப்பட்டிருக்கும். இந்த ஸ்கூட்டர் நம் சாலைகளில் ஓடுவது போன்றதன்று. இருக்கையும் முன்பிடியும் மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்களும் உடையது. நடைபாதையில் அது மணிக்கு 4 மைலுக்கு மேற் செல்லலாகாதென்பது அந்நாட்டு விதி. முதன்முறை வருவோர் தம் பெயரும் முகவரியும் பதிவு செய்து அடையாளச் சான்று காட்டுவர். பணியாளர் அவர்தம் உடலுக்கேற்ற ஊர்தியைத் தேர்ந்து, செலுத்தவும் நிறுத்தவும் திரும்பவும் பழக்கிய பின்னரே வெளியே விடுவர். சிலவிடங்களில் கட்டணமில்லை, சிலவிடங்களிற் சிறு வாடகையோ ஆண்டுச் சந்தாவோ உண்டு. நகரசபையாரும் அறச்சங்கத்தாரும் கடைத்தொகுதியாரும் இவற்றை நடத்துகின்றனர். யான் வியந்தது யாதெனில், நிலையான ஊனமுடையார்க்கு மட்டுமே என்னும் வரம்பு அங்கில்லை. மூப்பினால் தளர்ந்தோரும், கால் முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருப்போரும் பெறலாம்.

வாடகை முறையின் சிறப்பு, ஓர் ஊர்தி பலர்க்குப் பயன்படுவது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த நியோமோஷன் என்னும் நிறுவனத்தார் 2021 ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த 'நியோபோல்ட்' என்னும் மின்னிணைப்பு, சக்கர நாற்காலியைச் சாலையிலோடும் வண்டியாக்கும் அருமையான கருவி. ஆயின் அறிமுகமான காலத்திலேயே நாற்காலியும் அதுவுமாக விலை ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாயாயிருந்தது. கல்லுளி பிடித்து வாழ்ந்தவர் மாதம் இருமுறை சந்தைக்குச் செல்ல அதனை வாங்குவரோ? நம் நகரங்களிலும் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கின்றது. ஆனால் அது பிணியாளர் படுக்கையருகே வைத்தற்கே கொடுக்கப்படுகின்றது. சந்தைக்குச் செல்வார்க்கென்று எவரும் கருதினாரில்லை.

ஊர்தி மட்டும் போதாது, வழியும் வேண்டும். சென்னை மெரினாவில் நடை குன்றியோர் கடலருகே செல்லுதற்கு மரத்தாலாகிய நிலையான பாதை 2022 நவம்பர் 27 இல் திறக்கப்பட்டது. அலையைக் கிட்டத்தில் அன்றுதான் முதன்முதற் கண்டோர் பலர். இரு வாரத்திற்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, பின்னர்ச் செப்பனிட்டனர். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பொதுமக்கள் வந்துபோகும் பழங்கட்டடங்களையும், விதிகள் வெளியான ஐந்தாண்டிற்குள் யாவரும் அணுகத்தக்கனவாக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. விதிகள் வெளியானது 2017 இல். கெடு கழிந்துவிட்டது.

வடசேரிப் பேருந்து நிலையத்தருகே ஓரறையும் கையால் தள்ளும் நாற்காலிகள் ஐந்தும் இருப்பின் தொடங்கிவிடலாம் என்பது என் துணிபு. மின்னூர்தி பிறகு வரட்டும். தள்ளுவோர் யாவர் எனின், நாம்தாம். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஈதற்கு நம் கல்லூரியில் ஆளில்லையோ?

ஆயின் தள்ளுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். சென்ற மாதம் தாத்தாவையும் அவர் நாற்காலியையும் ஆட்டோவில் ஏற்றியனுப்பி, யான் மிதிவண்டியிற் பின்தொடர்ந்து, ஒரு சந்தைக்குச் சென்றோம். பழக்கடைக்காரர் நாற்காலியிலிருந்தவரை நோக்காமல், பின்னின்ற என்னை நோக்கி, "ஐயாவுக்கு என்ன வேணும்?" என்றார். யானும் அறிவின்றி விடைகூற வாயெடுத்தேன். தாத்தா கைத்தடியால் என் காலில் மெல்லத் தட்டினார். பின்னர்க் குலையை இறக்கச் சொல்லி, காம்பை நோக்கி, விலை கேட்டு, "வேண்டாம், தள்ளு" என்றார். நாலடி தள்ளினேன். கடைக்காரர் அழைத்தார். மீளும்பொழுது குலை அவர் மடியில் இருந்தது. நாற்காலியைத் தள்ளுதல் முன்னையினும் கடினமாயிருந்தது.