பூஞ்சேரி கண்ட ஓராண்டு

மாமல்லபுரம் செல்லும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பூஞ்சேரியைக் கவனித்திருக்க மாட்டார்கள். திருக்கழுக்குன்றம் சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சந்திக்கும் சிற்றூர் அது. கடற்கரைக் கோயிலைக் காணும் அவசரத்தில் நாமும் பலமுறை அதைக் கடந்தே போயிருக்கிறோம். ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொதுவாழ்வை அறிய விரும்புவோருக்கு அச்சிற்றூர் கண்டவையே போதும்.

அதற்குச் சற்று முன்னர், 2021 அக்டோபரில், மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதை நரிக்குறவப் பெண்மணி ஒருவர் துணிந்து கூறினார். எங்கும் அதுவே பேச்சாயிற்று. (நம் தேர்த்திருவிழா விருந்துகளில் எவரும் ஒதுக்கப்பட்டதில்லை என்று நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?) அமைச்சர் வந்து அவர்களோடு அமர்ந்து உண்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் வழங்கினார்.

அடுத்த ஆண்டு உலகமே அவ்வூருக்கு வந்தது. ரஷ்யாவில் நடப்பதாயிருந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், பிப்ரவரியில் மூண்ட உக்ரைன் போரினால் இடம் மாறி, ஜூலை இறுதியில் பூஞ்சேரியில் தொடங்கியது. 180க்கு மேற்பட்ட நாடுகளின் அணிகள் ஆடின. வேட்டி கட்டிய குதிரையாகிய 'தம்பி' சுவர்தோறும் கைகூப்பி நின்றான். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தான் முதலிடம் பெற்றது; ஏறத்தாழ நம் மாவட்டத்தளவே மக்கள் வாழும் ஆர்மீனியா இரண்டாமிடம். பெண்கள் பிரிவில் தங்கம் வென்றதோ, சொந்த மண்ணில் குண்டுமழை பொழிந்துகொண்டிருந்த உக்ரைன்! வெண்கலம் பெற்ற நம் மகளிர் அணியில் ஆடிய ஹரிகாவுக்கு அப்போது நிறைமாதம்.

விருந்தினர் சென்றபின் புயல் வந்தது. டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி 'மாண்டஸ்' மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. மீனவர் பலநாள் கடலுக்குச் செல்லவில்லை.

அதே டிசம்பரில்தான், பத்திரிகைகளில் சதுரங்கம் பெற்ற இடத்தில் பத்தில் ஒரு பங்கும் பெறாமல், வேறொன்று நிகழ்ந்தது. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 15ஆம் நாள் மக்களவையிலும் 22ஆம் நாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2023 ஜனவரியில் சட்டமாயிற்று. லோகூர் குழு இதனைப் பரிந்துரைத்த ஆண்டு 1965! இடையில் இரண்டு தலைமுறைகள் ஊசிமணி பாசிமணி விற்றே வளர்ந்துவிட்டன.

இச்சட்டத்தால் மத்திய அரசுப் பணிகளில் பழங்குடியினருக்குரிய 7.5 விழுக்காட்டிலும், மாநிலப் பணிகளில் உள்ள 1 விழுக்காட்டிலும் அவர்கள் உரிமை கோரலாம். ஆனால் அதற்கு முதலில் சான்றிதழ் வேண்டும். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குப் போல் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே இது முடிந்துவிடாது. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்தே தரவேண்டும். நெடுங்காலமாகப் பட்டியலில் உள்ள இருளர்களைக் கேட்டால் அந்த அலுவலகத்திற்கு எத்தனை நடை நடந்தோம் என்று சொல்வார்கள். பெற்றோர் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விண்ணப்பம் எழுதித் தரவும், உடன் சென்று காத்திருக்கவும் வல்ல ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். பூஞ்சேரி நமக்குத் தொலைவும் அன்று.