கடற்கண்ணி தேடும் கருவி

கிணற்றில் விழுந்த வாளியைத் தேடி எடுத்தவர்களுக்குத் தெரியும், நீரின் அடியிற் கிடக்கும் பொருளைக் கண்டுபிடிப்பது எத்துணைக் கடினமென்று. தேடும் பொருள் வெடிக்கும் கடற்கண்ணியாகவும், தேடுமிடம் கலங்கிய கடலாகவும் இருந்தால் எவ்வாறிருக்கும்! நெடுங்காலமாகச் சுழியோடிகள் தம் உயிரைப் பணயம் வைத்தே இப்பணியைச் செய்து வந்தனர். இன்று அவர்களுக்கு முன்னே செல்ல ஆளில்லாக் கருவிகள் உள்ளன.

அவற்றுள் ஒன்று ‘றீமஸ்’. ஐக்கிய அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தில் 1990ஆம் ஆண்டுகளில் உருவானது. சுமார் 1.6 மீற்றர் நீளமும் 19 சதமமீற்றர் விட்டமுமுடையது. இருவர் தூக்கிச் செல்லலாம். மின்கலத்தால் இயங்கும் இக்கருவி, வயலை உழுபவன் சாலுக்குச் சால் செல்வதுபோல, கடலடியின் மேலாகப் போயும் வந்தும் இருபக்கமும் ஒலியலைகளை அனுப்புகிறது. திரும்பிவரும் எதிரொலியே படமாகிறது.

ஆழ்கடலிலும் பார்க்கக் கரையோரக் கடலே இக்கருவிக்குக் கடும் சோதனையாகும். அங்கே நீரோட்டம் அதனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆற்றுநீர் கலப்பதால் ஒலியின் வேகம் இடத்துக்கிடம் மாறுகிறது. ஒலியோ மேற்பரப்புக்கும் தரைக்குமிடையே மோதிக் குழப்பம் விளைவிக்கிறது. செய்மதியின் சமிக்ஞை நீருக்குள் எட்டாது. ஆதலால் கருவி, கடலில் நாட்டப்பட்ட ஒலிக்குறிகளை வினவி, விடைவரும் நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கிறது.

இத்தகைய கருவியை எவ்வாறு பரீட்சிக்கிறார்கள்? வெடிமருந்தற்ற போலிக் கண்ணிகளைக் கடலடியில் இட்டு, அவற்றின் இடங்களைக் குறித்துக்கொள்கின்றனர். பின்னர் கருவியை அனுப்பி, எத்தனையைக் கண்டது, எத்தனையைத் தவறவிட்டது, எந்தக் கல்லையும் பழைய பீப்பாவையும் கண்ணியென மயங்கியது என்று கணக்கெடுக்கின்றனர். கல்லைக் கண்ணியென்றால் வீணாவது நேரம். கண்ணியைக் கல்லென்றால் போவது உயிர். ஆகவே இவ்விரு பிழைகளையும் நாம் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மெய்யான பரீட்சை வந்தது. ஈராக் போரின்போது உம் கஸ்ர் துறைமுகத்துக்குச் செல்லும் நீர்வழியில் கண்ணிகள் இருக்கலாமென்ற அச்சம் எழுந்தது. கண்ணிகளை ஏற்றியிருந்த ஈராக்கியக் கலங்கள் அக்காலத்திற் பிடிபட்டிருந்தன. உணவும் மருந்தும் கொண்டுவந்த பிரித்தானியக் கப்பல் ‘சேர் கலஹாட்’ வழி திறக்கும்வரை காத்திருந்தது. கண்பார்வை எட்டாத அக்கலங்கல் நீரில் றீமஸ் கருவிகளும், பழக்கப்பட்ட டொல்பின்களும், சுழியோடிகளும் தேடுதலில் ஈடுபட்டனர். போரில் இத்தகைய கருவி பணியாற்றியது அதுவே முதன்முறை. மார்ச் 28ஆம் திகதி கப்பல் துறைமுகத்தை அடைந்தது.

ஆயினும் கருவி காட்டுவது ஐயத்துக்குரிய இடத்தை மட்டுமே. அங்குள்ளது கண்ணிதானா என்று உறுதிசெய்ய அன்று சுழியோடியே இறங்க வேண்டியிருந்தது. கருவி அவனுடைய அச்சம் முழுவதையும் போக்கிவிடவில்லை. பரந்த கடலில் அவன் வீணே இறங்கும் தடவைகளைக் குறைத்தது. பரீட்சைகளிற் செலவிடும் பொறுமையெல்லாம் அவன் வீடு திரும்புவதற்காகவே என்பதை நாம் மறத்தலாகாது.