கடல்ல படகு சவாரி போறீங்களா? ஏறுறதுக்கு முன்னாடி தலையை எண்ணுங்க!

ஓசூர்:
ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்பல லீவு கிடைச்சா போதும், வேன் பேசிட்டு கிளம்பிடறாங்க. முன்னெல்லாம் ஒகேனக்கல் பரிசல், அவதானப்பட்டி படகு இல்லம்னு பக்கத்துலயே முடிஞ்சிடும். இப்போ கடல்தான். கிருஷ்ணகிரியில் இருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியா புதுச்சேரி சுமார் 200 கிலோமீட்டர். அங்க சுண்ணாம்பாறு படகு குழாம். அப்படியே கிழக்கு கடற்கரை சாலையில் மேலே போனா முதலியார்குப்பம், முட்டுக்காடு.

மோட்டார் படகு ஏறும்போது யாரும் பயப்படறதில்லை. ஆனா சமீப வருஷங்கள்ல நடந்த விபத்துகளைப் பார்த்தா, ஒரே மாதிரி தப்புதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கு.

பழவேற்காட்டில் பறிபோன 22 உயிர்

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந்தேதி. கிறிஸ்துமஸ் லீவு. திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கு குடும்பத்தோட வந்தவங்க மீன்பிடி படகில் சவாரி போனாங்க. படகு கவிழ்ந்து பெண்கள், குழந்தைகள் உள்பட 22 பேர் பரிதாபமாக இறந்தனர். லைப் ஜாக்கெட் கிடையாது. இந்த சம்பவத்துக்குப் பிறகு அங்கு படகு சவாரிக்கு தடை போடப்பட்டது.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சிக்கணும். ஏரியோ ஆறோ கடலில் சேரும் இடத்தை முகத்துவாரம் என்பார்கள். பார்க்க அழகா இருக்கும், ஆபத்தும் அங்கதான். உள்ளே இருந்து தண்ணி வெளியே தள்ளும். கடல் அலை எதிரே ஏறி வரும். ரெண்டும் மோதுற இடத்துல அலை சின்னதா இருந்தாலும் செங்குத்தா எழும்பும். அடியில் மணல் திட்டு வேற. சின்ன படகு அதில் பக்கவாட்டில் திரும்பிட்டா தப்பிக்கிறது கஷ்டம். "அண்ணே, கடல் வரைக்கும் கொஞ்சம் போய்ட்டு வரலாம், 100 ரூபா சேர்த்து தரேன்" என்று படகுக்காரரை யாரும் கிளப்பி விடாதீங்க.

படகு ஏன் கவிழுது?

ஜூஜூவாடி செக்போஸ்ட் பக்கம் வைக்கோல் ஏத்தின லாரி வளைவில் ஆடிக்கிட்டே திரும்புறதை பார்த்திருப்பீங்க. பாரம் மேலே ஏற ஏற வண்டி சாயும். படகும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது நம்ம எடை கீழே இருக்கும். எழுந்து நின்னா மேலே போயிடும். போட்டோ எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் போனா, அந்தப் பக்கம் விளிம்பு தண்ணிக்குள்ள இறங்கும். தண்ணி உள்ளே புகுந்துட்டா அது ஓடிப்போய் சாய்ஞ்ச பக்கமே சேரும். அப்புறம் நிமிர்த்த முடியாது. எல்லாம் சில வினாடிதான்.

2009 செப்டம்பர் 30-ந்தேதி தேக்கடியில் இரண்டு அடுக்கு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது நினைவிருக்கலாம். வனவிலங்கை பார்க்க பயணிகள் ஒரே பக்கம் போனதும் படகு சாய்ந்ததாக அப்போது கூறப்பட்டது. 2023 மே 7-ந்தேதி கேரள மாநிலம் தானூரில் 22 பேர் பலி. அது மீன்பிடி படகை சுற்றுலா படகா மாத்தினது. அளவுக்கு மீறி ஆளை ஏத்தி, பொழுது சாய்ஞ்ச பிறகு ஓட்டியிருக்காங்க. 2014 ஜனவரி 26-ந்தேதி அந்தமானில் 21 பேர் இறந்ததிலும் கூடுதல் ஆள் ஏத்தினதுதான் பேசப்பட்டது. அதில் நம்ம காஞ்சிபுரம் பக்கத்து ஆட்கள் நிறைய பேர்.

நம்ம பக்கத்து ஒகேனக்கல்லும் விதிவிலக்கு இல்லை. 2015 ஜூலையில் அங்கு பரிசல் கவிழ்ந்து, சென்னையில் இருந்து வந்த 6 பேர் இறந்தனர்.

என்ன பார்க்கணும்?

எத்தனை பேர் ஏறலாம்னு படகிலயோ டிக்கெட் கவுண்டரிலயோ எழுதியிருக்கும். இல்லைன்னா கேளுங்க. கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். "சின்னப் பிள்ளைதானே, மடியில வெச்சுக்கோங்க" என்று சொன்னா ஒத்துக்காதீங்க.

லைப் ஜாக்கெட்டை பெஞ்சு மாதிரி போட்டு உட்காரும் ஆட்கள் அதிகம். புழுக்கமா இருக்குன்னு பட்டையை அவிழ்த்து விடுறதும் நடக்குது. பட்டை இறுகலைன்னா தண்ணியில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், ஆள் கீழே போயிடுவார். மாட்டிய பிறகு தோள்பட்டையை பிடிச்சு மேலே இழுத்துப் பாருங்க. காதுக்கு மேல வந்தா அது உங்க சைஸ் இல்லை. பெரியவங்க ஜாக்கெட்டை குழந்தைக்கு மாட்டுறதும் பிரயோஜனம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் இருந்தா படகு இல்லத்துலயே சவாரியை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா சண்டை போடாதீங்க. அந்த நேரத்துல தனியார் மீன்பிடி படகுக்காரர் யாராவது "நான் கூட்டிட்டு போறேன்" என்று வந்தால் ஏறவே கூடாது. சரக்கு அடிச்சிட்டு ஏறுறதை பத்தி சொல்லவே வேணாம்.

கடலில் ஆபத்துன்னா கடலோர காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோர பாதுகாப்பு குழும போலீசுக்கு 1093 என்ற எண்ணில் போன் செய்யலாம். கரையில் நிற்கும் ஒருத்தர் செல்போனிலாவது இந்த ரெண்டு நம்பரும் இருக்கட்டும். படகில் இருக்கிறவங்க செல்போன் முதல்ல நனைஞ்சிடும்.