நொதிகளைத் தடுக்கும் சாயங்கள்: சிபாக்ரான் நீலத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: நொதி, சாயம், இணைநொதி, போட்டித் தடுப்பு, திரள்

முன்னுரை

பருத்திக்கு நிறமூட்ட உருவாக்கப்பட்ட வினைபுரி சாயங்கள் உயிர்வேதியியல் ஆய்வகத்தினுள் நுழைந்தது தற்செயலானது. ஜெல் வடிகட்டலில் துகள்களுக்குள் நுழையாது முதலில் வெளியேறும் குறிபொருளாக நீல டெக்ஸ்ட்ரான் பயன்படுகிறது. அதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 20 இலட்சம். 1968இல் ஈஸ்ட்டின் பைருவேட் கைனேஸ் நொதியைத் தூய்மைப்படுத்தியோர், அளவில் மிகச் சிறிய அந்நொதியும் நீல டெக்ஸ்ட்ரானுடன் சேர்ந்தே வெளிவருவதைக் கண்டனர். நொதியைப் பற்றியிருந்தது டெக்ஸ்ட்ரான் அன்று. அதனோடு இணைக்கப்பட்டிருந்த சிபாக்ரான் நீலம் எஃப்3ஜிஏ என்னும் சாயமே. இச்சாயம் நொதிகளோடு பிணையும் முறையையும், அதன் தடுப்புத் தரவுகளை வாசிக்கையில் கொள்ளவேண்டிய எச்சரிக்கையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிணைப்பின் இயல்பு

ஆந்த்ரகுயினோன், பென்சீன், ட்ரையசீன் வளையங்கள் நைட்ரஜன் பாலங்களால் கோக்கப்பட்ட நீண்ட மூலக்கூறு இது. தட்டையான வளையங்கள் நீரை விலக்கும் குழிவுகளை நாடுகின்றன. மூன்று சல்போனேட் தொகுதிகள் லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றின் நேர்மின்சுமையை நாடுகின்றன. என்ஏடி, ஏடிபி ஆகியவற்றிலும் தட்டை வளையமும் எதிர்மின்சுமையும் இணைந்தே உள்ளன. இவ்வொப்புமையைக் கொண்டு, டைநியூக்ளியோடைடு மடிப்புடைய புரதங்களை இச்சாயத்தால் இனங்காணலாம் என 1975இல் தாம்சன், காஸ், ஸ்டெல்வேகன் ஆகியோர் முன்மொழிந்தனர். ஆயினும் அம்மடிப்பு இல்லாத குருதி அல்புமினும் இச்சாயத்தோடு வலுவாகப் பிணைகிறது. பிளாஸ்மாவிலிருந்து அல்புமினை நீக்க இச்சாயமே பயன்படுகிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

'போட்டி' என்னும் சொல்

டீஹைட்ரஜனேஸ் நொதிகள் பலவற்றில் இச்சாயம் இணைநொதியோடு போட்டியிடும் தடுப்பானாகச் செயற்படுகிறது. இணைநொதியின் செறிவை உயர்த்தினால் தடுப்பு தளர்கிறது. பெரும வேகம் மாறுவதில்லை. 'போட்டி' என்றவுடன் ஒரே இருக்கைக்கு இருவர் முந்துவதை மனம் கற்பனை செய்துகொள்கிறது. வேகவியல் உணர்த்துவதோ, இரண்டும் ஒருசேரப் பிணைய இயலாது என்பது மட்டுமே. குதிரைக் கல்லீரலின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸில் இச்சாயம் அமர்ந்திருக்கும் நிலையை 1979இல் பியெல்மானும் அவர்தம் குழுவினரும் எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் கண்டறிந்தனர். சாயத்தின் ஒரு பகுதி இணைநொதியின் அடினின், ரைபோஸ் பகுதிகளுக்குரிய இடத்தை ஒட்டி அமைகிறது. மறுமுனையோ நிக்கோட்டினமைடுக்குரிய இடத்தை நிரப்பாமல் விலகிச் செல்கிறது. போட்டித் தடுப்புக்கான வரைபடம் ஒன்றை மட்டும் சான்றாகக் கொண்டு, சாயம் இணைநொதியின் மறுபதிப்பு என எழுதுவது பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாயத்தின் ட்ரையசீன் வளையத்திலுள்ள குளோரின், காரச் சூழலில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு வினைபுரிவதாலேயே துணியில் நிறம் நிலைக்கிறது. அதே குளோரின் நொதியின் லைசின் அல்லது சிஸ்டீனோடும் மெல்ல வினைபுரியக்கூடும். அப்போது மீள்தன்மையுடைய தடுப்பு நிரந்தரச் செயலிழப்பாக மாறுகிறது. நொதியைச் சாயத்தோடு வெவ்வேறு நேரம் வைத்திருந்து அளந்தாலன்றி இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

தரவுகளின் நம்பகத்தன்மை

கடைச்சாயப் பொடியில் உப்பும் பிற சேர்மானங்களும் கலந்திருக்கும். அதை எடைபோட்டுச் செறிவைக் கணக்கிட்டுத் தடுப்பு மாறிலியை இரு தசமத் துல்லியத்தில் தருவது வியப்பளிக்கிறது. தூய்மைப்படுத்திய பின்னர் 610 நானோமீட்டர் அருகே ஒளி உறிஞ்சலால் செறிவை அறிவதே முறை. மேலும், சில கரிமச் சேர்மங்கள் நீரில் நுண்திரள்களாகச் சேர்ந்து, நொதிகளைத் தம் பரப்பில் ஒட்டவைத்து, குறிப்பிட்ட தளம் எதிலும் பிணையாமலே பல நொதிகளைத் தடுப்பதை 2002இல் ஷாய்செட் குழுவினர் வெளிப்படுத்தினர். தட்டை வளையங்கள் அடுக்காகச் சேரும் இயல்புடைய சாயங்களில் இந்த ஐயம் கூடுதலாக எழவேண்டும். 0.01 விழுக்காடு ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்து மீண்டும் அளந்து பார்ப்பது எளிய சோதனை. தடுப்பு அதனால் பெரிதும் குறைந்துவிடுமாயின், அம்மாறிலியை இயங்குதளப் பிணைப்பின் அளவாக அட்டவணையில் சேர்க்க இடமில்லை.